சம்பந்தி அனுப்பிய தேயிலை

2024 ஜூன் 12

கிணற்று மோட்டர் மறுபடியும் காற்று இழுக்கிறது. காலை முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். கைநிறைய கிறீஸோடு நிற்கும்போது ஒரு பிள்ளை ஸ்கூட்டியில் வந்து கேற்றடியில் நின்றாள். சாருஜா. எங்கள் மகள் நிஷானியோடு உடுவிலில் படித்தவள். இப்போது மெல்பேர்னில், லீவில் வந்திருக்கிறாள். ஒரு பொதி தந்தாள். நிஷானியின் மாமனார் எனக்கென்று கொடுத்துவிட்டாராம்.

உள்ளே ரொட்டி அளவில் வட்டமாய், தட்டையாய், கடதாசியில் சுற்றிய ஒன்று. மேலே சீன எழுத்து. பிரித்தால் கன்னங்கரேல் என்று இருக்கிறது.

"தேயிலை அங்கிள். புளிக்க வைச்சு, அமுக்கி, வருஷக்கணக்கா வைச்சிருப்பினம். பழசாகப் பழசாகத்தான் நல்லதாம். பூ-ஏர் எண்டு பேர்."

கடதாசியில் 2006 என்று அச்சடித்திருந்தது. யுத்தத்தில் ஏ-9 பாதை பூட்டி, நாங்கள் சங்கக்கடையில் சீனிக்கு வரிசையில் நின்ற வருஷம். அதே வருஷம் எங்கோ ஒருவன் இதை ஆறுதலாய் அமுக்கிக் காய வைத்திருக்கிறான்.

போகும்போது சாருஜா சொன்னாள்: "அன்ரியைப் பற்றி யோசியாதையுங்கோ. இப்ப நல்லாச் சிரிக்கிறா."

இப்ப என்றால்? முந்தி?

ஜூன் 14

என் மனைவி பொன்மலர் ஜனவரியில் மெல்பேர்னுக்குப் போனாள். நிஷானிக்குப் பிள்ளை பிறக்க உதவிக்கு. மூன்று மாதம் என்றுதான் கதை. பிறகு பிள்ளைக்கு மஞ்சட்காமாலை என்றாள், பிறகு நிஷானிக்கு வேலை தொடங்குகிறது என்றாள், விசா நீண்டது. இன்று கைத்தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைத்தோம். குசினி மேசையில் சம்பந்தி இருந்தார். மிஸ்டர் லிம். மருமகன் ஏட்ரியனின் தகப்பன். மலேசியாவில் ஈப்போ ஊர். பெண்சாதி செத்துப் பல வருஷம். பேரனைப் பார்க்க வந்து நிற்கிறார்.

ஒரு குட்டிக் கேத்தில். முட்டைக்கோது அளவில் கோப்பைகள். அவர் பொன்மலருக்கு ஊற்றினார். அவள் இரண்டு கையாலும் வாங்கினாள்.

"என்ன குடிக்கிறீர்?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு அனுப்பினதுதான். குடிச்சுப் பாத்தியளோ?"

"இன்னும் இல்லை."

"நாங்கள் இருந்தமெண்டால் ரெண்டு மணித்தியாலம் போயிடும். நல்லாயிருக்கும்."

இந்த வீட்டில் அவள் இரண்டு நிமிஷம் சேர்ந்தாற்போல் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்து நான் கண்டதில்லை.

ஜூன் 16

குடித்துப் பார்த்துவிடுவது என்று இறங்கினேன். அது உடையாது. கத்தியை வைத்து நெம்பியதில் பெருவிரல் வெட்டுப்பட்டது. ஒரு துண்டைப் பாலோடும் சீனியோடும் போட்டுக் கொதிக்க வைத்தேன். பக்கத்து வளவு மார்க்கண்டு வேலிக்கு அந்தப் பக்கம் வெங்காயப் பாத்திக்குத் தண்ணி மாறிக்கொண்டிருந்தவன், மணத்துக்கு எட்டிப் பார்த்தான்.

"லெனாட்டண்ணை, என்ன காய்ச்சுறியள்? மாட்டுக்கொட்டில் மாதிரி மணக்குது."

"சீனத் தேத்தண்ணி. வா, குடி."

ஒரு மிடறு குடித்தான். வாயில் வைத்துக்கொண்டே பூவரசடிக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தான். "கோதாரி! அக்கா இல்லாமல் நீங்கள் சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுறியள் எண்டு தெரியும். இவ்வளவெண்டு தெரியாது."

நானும் ஊற்றிவிட்டேன். இதையா இரண்டு மணித்தியாலம்?

ஜூன் 17

இதையா இரண்டு மணித்தியாலம்?

ஜூன் 23

கோயிலில் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து நிஷானியோடு கதைத்தேன். பாலும் சீனியும் என்றதும் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ அப்பா! அது நல்லாப் புளிச்சது, பழசு. பால் விடப்படாது. ஊசியாலை குத்தி ஓரமா நெம்புங்கோ. நல்லாக் கொதிச்ச தண்ணி. முதல் தண்ணியை ஊத்தி உடனை எறியுங்கோ, அது கழுவுறதுக்கு. பிறகு ஊத்தி, ஒரு மூச்சு விட்டு எடுக்கிற நேரம், வடிச்சுப்போடுங்கோ. அதே இலைக்குத் திருப்பித் திருப்பி ஊத்தலாம். ஒவ்வொருக்காலும் வேறை மாதிரி வரும்."

"அம்மா ஏன் உதைக் குடிக்கிறா?"

"அவவுக்குப் பிடிச்சிருக்கு அப்பா."

சொன்னபடி செய்தேன். இம்முறை துப்ப வேண்டி வரவில்லை. ஆனால் மந்தமாய், சுண்ணாம்பு நக்கியதுபோல் ஒரு பூச்சு. கோப்பையின் மேல் எண்ணெய்போல் ஆடை. அந்த ஆடையைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது தேயிலையின் பிழை இல்லை. என் கிணறு! தண்ணீர்ச் சபை ஆய்வுகூடத்தில் தலை நரைக்கும்வரை வலிகாமத்துக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தவன் நான். இந்தக் கல்லுத் தண்ணீரில் சவர்க்காரமே நுரைக்காது. சீனன் தேயிலை எப்படி ஊறும்?

ஜூன் 24

கனநாளைக்குப் பிறகு வெள்ளாப்பில் எழும்பினேன். செய்ய ஒரு வேலை இருக்கிறது.

ஜூலை 3

கடைப் போத்தல் தண்ணீர் சரிவரவில்லை. எல்லாவற்றையும் வடித்தெடுத்த தண்ணீர். தேநீர் உயிரில்லாமல் வந்தது. அச்சுவேலிக்குப் போய், என்னோடு வேலை செய்த கனிசியஸின் மனைவி வீட்டுக் கிணற்றில் ஒரு கலன் எடுத்தேன். முந்தி அது நல்ல தண்ணீர். இப்போது உப்பு ஏறிவிட்டது. நாக்கில் வைத்ததுமே தெரிந்தது. அந்த மனுசிக்குச் சொல்ல மனம் வரவில்லை. "நல்ல தண்ணி" என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியெல்லாம் அதுதான் மனதை அரித்தது.

ஜூலை 11

மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் கலன் கட்டிக்கொண்டு திரிகிறேன். உரும்பிராய், கோப்பாய், நல்லூரில் என் மச்சான் வீடு. மார்க்கண்டு கேட்கிறான்: "என்னண்ணை, கங்கா தீர்த்தம் எடுக்கவோ போறியள்? வேதக்காரருக்கு உது இல்லையே!"

அவனுக்கு வேடிக்கை. எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். கதிரையில் இருந்தால் எழும்பவேண்டும் போல் இருக்கிறது. எழும்பினால் எங்கே போவது என்று தெரியவில்லை. தண்ணீர் என்றால் ஒரு காரணம்.

ஜூலை 28

கோயிலில் ஆராதனை முடிந்து வெளியே நிற்கும்போது போதகர் டானியல் கையைப் பிடித்துச் சொன்னார்: "பொன்மலரக்கா வருஷ முடிவு மட்டும் அங்கைதானாமே. ஞாயிறு பாடசாலைக்கு வேறை ஆளைப் போடச் சொல்லி எழுதியிருந்தா."

எனக்குத் தெரியாது. போதகருக்குத் தெரியும். ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தெரியும்!

வீட்டுக்கு வந்ததும் பொன்மலருக்குப் போன் எடுத்தேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் கத்துவியள். இப்ப கத்திற மாதிரி."

"வருஷ முடிவு மட்டும் அங்கை என்ன செய்யப்போறீர்? பிள்ளைக்குத்தான் ஆறு மாசம் ஆச்சே."

"எனக்கும் கொஞ்சம் இருக்கவேணும் போலை இருக்கு."

அப்போதுதான் அதைச் சொன்னேன். வாயில் வந்துவிட்டது. "ஓம் ஓம், அங்கை இருந்து குடிக்க, ஊத்தித்தர ஆள் இருக்கு. பிறகென்னத்துக்கு இஞ்சை வாறீர்?"

அங்கே பிள்ளை அழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

ஜூலை 29

நான் எடுத்தேன். அவள் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 5

நிஷானி எடுத்தாள். "அம்மாட்டை என்ன சொன்னனீங்கள்?" ஒன்றுமில்லை என்றேன். "ஒண்டுமில்லாமலோ அவ இப்பிடி இருக்கிறா?"

சீனத் தேயிலையைச் சுற்றிக் குசினி அலுமாரிக்குள் தள்ளிவிட்டேன். இனி அந்தச் சனியன் வேண்டாம்.

ஆகஸ்ட் 18

நல்லூர்த் திருவிழா. மார்க்கண்டு இழுத்துக்கொண்டு போனான். சனம், தூசி, ஐஸ்கிறீம் வரிசை. ஒரு கிழவர் மனைவிக்குக் கச்சான் உரித்து உரித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மனைவி வேறெங்கோ பார்த்தபடி அவர் கையில் இருந்து எடுத்துச் சாப்பிட்டாள். நான் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றதை மார்க்கண்டு கண்டுவிட்டான்.

"அக்கா எப்பவண்ணை வாறா?"

தெரியாது என்றேன். முதல்தடவையாய் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னேன்.

செப்டெம்பர் 7

எதிர்பாராத ஆளிடம் இருந்து வாட்ஸ்அப். சம்பந்தி லிம்! ஆங்கிலமும் அவருக்கு அவ்வளவு வராது என்று நிஷானி சொல்லியிருக்கிறாள். யந்திரத்திடம் கொடுத்துத் தமிழாக்கி அனுப்பியிருக்கிறார். அப்படியே எழுதி வைக்கிறேன்:

"மாண்புமிகு உறவினர் வணக்கம். நான் உங்கள் மகளின் கணவரின் தந்தை. தேநீர் உங்களைச் சந்தித்ததா? முதல் நீரை வெளியேற்றவும். அவசரம் தயவுசெய்து வேண்டாம். உங்கள் நீர் எப்படி உள்ளது?"

கூடவே ஒரு படம். மேசை, குட்டிக் கேத்தில், ஒரு கோப்பை. ஒரே ஒரு கோப்பை. யன்னலுக்கு வெளியே செங்குத்தாய் ஒரு மலை. மெல்பேர்ன் இல்லை.

நிஷானியிடம் கேட்டேன். "மாமா ஜூலை தொடங்கவே ஈப்போவுக்குத் திரும்பிப் போயிட்டாரப்பா. ஏன்?"

ஜூலை தொடங்கவே. நான் அதைச் சொன்னது ஜூலை முடிவில். அந்த மனுசன் ஒரு மாதம் முதலே தன் வீட்டில் தனியே இருந்து தனக்குத்தானே ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

வெட்கமாய் இருக்கிறது. வேறு சொல் தெரியவில்லை.

செப்டெம்பர் 9

"உங்கள் நீர் எப்படி உள்ளது?" ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. எழுதத் தொடங்கி நிறுத்த முடியவில்லை. ஆறே இல்லாத ஊர் என்று எழுதினேன். பெய்கிற மழை சுண்ணக்கல்லில் இறங்கிக் கிடக்கிறது, அதைத்தான் அள்ளிக் குடிக்கிறோம், கூட அள்ளினால் கடல் உள்ளே வரும். ஆய்வுகூடத்தில் எழுதிய அறிக்கைகளைவிட நன்றாய் எழுதினேன் என்று நினைக்கிறேன். யந்திரம் அதை என்ன பாடுபடுத்திக் கொடுத்ததோ.

மாலை பதில் வந்தது. "எங்கள் ஊரும் சுண்ணாம்பு மலை. எனது மனைவி வானத்தின் நீரைச் சேமித்தார். நீர் தேநீருக்குத் தாய் ஆகிறது."

வானத்தின் நீர். மழை! இவ்வளவு காலம் தண்ணீரோடு வேலை செய்தும் எனக்கு ஓடவில்லை.

மழைக்கு இன்னும் எவ்வளவு காலம் கிடக்கிறது.

செப்டெம்பர் 10

தேயிலையை அலுமாரியில் இருந்து எடுத்தேன். மிளகாய்த்தூள் மணம்! தூள் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், விசரன். பக்கத்தில் இருப்பதன் மணமெல்லாம் இழுத்துவிடும் என்று லிம் எழுதுகிறார். மணமில்லாத மண்பானையில் போட்டு, காற்றுப் போகிற இடத்தில் விட்டால் மெல்ல மெல்லப் போகுமாம். புதுப் பானை ஒன்று வாங்கி விறாந்தை மூலையில் வைத்திருக்கிறேன்.

ஒக்டோபர் 6

இன்று பொன்மலர் எடுத்தாள்.

"நான் சொன்னது பிழை" என்றேன், சுகம்கூட விசாரிக்காமல்.

"எது பிழை?"

"உமக்குத் தெரியும்."

"தெரியும். நீங்கள் சொல்லுங்கோ."

சொன்னேன். சம்பந்தியைப் பற்றி நினைத்தது, அவர் போய்விட்டது தெரியாமல் பேசியது, எல்லாம்.

பிறகு சொன்னாள்: "அந்த மனுசனும் நானும் என்ன பாஷையிலை கதைக்கிறது? அவருக்குத் தமிழ் தெரியாது, என்ரை இங்கிலீசு அவருக்கு விளங்காது. சும்மா இருப்பம். அவர் ஊத்துவார், நான் குடிப்பன். கோப்பை முடிஞ்சால் ஊத்துவார். நான் எழும்பிப் போய் ஒண்டும் எடுக்கத் தேவையில்லை. அம்மா செத்தாப்பிறகு எனக்கு ஒராள் ஊத்தித் தந்தது அதுதான் முதல்தரம். அது எவ்வளவு நல்லாயிருந்தது எண்டு உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது?"

அவள் எப்படித் தேநீர் குடிப்பாள் என்று யோசித்தேன். பால் விட்டா, சீனி எவ்வளவு? எனக்குத் தெரியாது.

பிறகு தண்ணீர்க் கதையைச் சொன்னேன். கலன், கங்கா தீர்த்தம், மிளகாய்த்தூள். சிரித்தாள். சாருஜா சொன்ன சிரிப்பு இதுதானோ?

எப்போது வருகிறீர் என்று கேட்கவில்லை. கேட்காமல் விடுவது பெரிய பாடாய் இருந்தது.

நவம்பர் 12

மழை. முதல் மழை கூரை ஓடுகளைக் கழுவட்டும் என்று விட்டுவிட்டேன்.

நவம்பர் 15

கூரைப் பீலியில் வெள்ளைத் துணி கட்டி வாளியில் பிடித்தேன். கொதிக்க வைத்து, இலையைக் கழுவி, ஊற்றினேன். ஆடை படியவில்லை. நிறம் கறுப்பு இல்லை. வெளிச்சத்தில் பிடித்தால் செம்பாட்டு மண்ணில் மழை நின்ற நிறம். தொண்டையால் இறங்கியதே தெரியவில்லை. பிறகு ஒரு இனிப்பு, எங்கிருந்தோ. மிளகாய்த்தூள் இன்னும் கொஞ்சம் அடித்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

மார்க்கண்டுவைக் கூப்பிட்டேன். பயந்து பயந்து குடித்தான். மூன்றாவது கோப்பையில், "இப்ப கொட்டில் மணம் இல்லை" என்றான். "ஈர விறகு மாதிரி இருக்கு. ஆனால் அண்ணை, சீனி போட்டால் இன்னும் திறம்."

நவம்பர் 28

வெள்ளம். கரண்டும் இல்லை, தொலைபேசியும் இல்லை. மார்க்கண்டுவின் வெங்காயம் முழுக்க நீருக்குள். அவன் வந்து விறாந்தையில் குந்திவிட்டான். பேச ஒன்றும் இல்லை. அடுப்பு மூட்டி ஊற்றிக்கொண்டே இருந்தேன். இலை வெளுத்துப்போகும் வரை இருவரும் குடித்தோம். "போகட்டும், திரும்ப நடுவம்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனான்.

அவர்கள் மேசையில் இருந்தது இப்படித்தான் போலும்.

டிசெம்பர் 19

பொன்மலர் வந்துவிட்டாள். பஸ்ஸால் இறங்கியவளை ஒரு கணம் மட்டுக்கட்ட முடியவில்லை. தலைமயிரைக் கட்டையாய் வெட்டியிருக்கிறாள். வீட்டுக்குள் வந்ததும் குசினிப் பக்கம் திரும்பினாள். "இரும்" என்றேன். இருந்தாள். ஊற்றிக் கொடுத்தேன். கோப்பை நிரம்பி மேசையில் சிந்தியது.

குடித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எப்பிடி?"

"அங்கை குடிச்சது மாதிரி இல்லை." இன்னொரு மிடறு. "வேறை மாதிரி இருக்கு. ஊத்துங்கோ."

டிசெம்பர் 27

நத்தார் நல்லபடி போனது. இன்று சொன்னாள். மார்ச்சில் திரும்பப் போகிறாளாம். "ஒளிக்கேல்லை. முதல்லையே சொல்லுறன். நீங்களும் வாங்கோ. ஆறு மாசம் அங்கை, ஆறு மாசம் இஞ்சை."

"நான் அங்கை என்ன செய்யிறது? விடிஞ்சால் பொழுதுபட்டால் நாலு சுவருக்குள்ளை!"

"நான் இஞ்சை என்ன செய்தனான் எண்டு ஒருநாளாவது யோசிச்சனியளோ?"

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கீரிமலை வரை போனேன். கடல் கொந்தளித்துக்கொண்டு கிடந்தது. போன வேகத்தில் திரும்பி வந்தேன். அவள் பின்வளவில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு ஏதோ கீர்த்தனை முணுமுணுத்தாள். என்னைக் கண்டும் நிறுத்தவில்லை.

போகமாட்டேன். இந்த வயதில் என்ன ஊர் மாற்றம்? என்ன விசர்க்கதை!

2025 ஜனவரி 9

போகமாட்டேன் என்று லிம்முக்கு எழுதினேன். பதில்: "மனைவி இறந்த பிறகு நான் இரண்டு கோப்பை கழுவினேன், நீண்ட காலம். சம்பந்தி, முட்டாள் ஆகாதீர்கள்." சம்பந்தி என்ற சொல்லை யாரிடம் கேட்டுப் பிடித்தாரோ. யந்திரம் போட்டதாய்த் தெரியவில்லை.

ஜனவரி 21

பொன்மலருடன் கொழும்புக்குப் போய் விசாவுக்கு விரல் அடையாளம் கொடுத்தேன். ரயில் மாகோ ஸ்டேசனில் நிற்கும்போது தேத்தண்ணி விற்றவனிடம் இரண்டு வாங்கினேன். "பாலோ பிளேன்ரீயோ?" என்று அவளைக் கேட்டேன். ஆச்சரியமாய்ப் பார்த்தாள்.

"பிளேன்ரீ. சீனி கொஞ்சம். இஞ்சி இருந்தால் போடச் சொல்லுங்கோ."

பெப்ரவரி 20

விசா வந்துவிட்டது. நித்திரை சரியில்லை. கிணறு, மோட்டர், ஓடு மாற்றாத பின்விறாந்தை, எல்லாம் கண்ணுக்கு முன் நிற்கிறது. அங்கே எனக்கு யாரைத் தெரியும்? பேரனைத் தெரியுமா? படத்தில் தெரியும்.

மார்ச் 11

நாளை விடிய வெளிக்கிடுகிறோம். சூட்கேசுகள் வாசலில். பொன்மலர் யன்னல் பூட்டிக்கொண்டு திரிகிறாள். வீட்டுத் திறப்பைக் கொடுக்க மார்க்கண்டு வீட்டுக்குப் போனேன். புது வெங்காயம் பச்சைப்பசேல் என்று நின்றது. திறப்பை வாங்கி மடியில் சொருகிக்கொண்டான்.

"வளவைப் பற்றி யோசியாதையுங்கோ. நான் பாப்பன். எப்ப திரும்பி வருவியள் அண்ணை?"

"செப்டெம்பருக்கு. ஆறு மாசம்தானே, கட்டாயம் வருவன்."

அவன் மண்வெட்டியை எடுத்து வாய்க்கால் பக்கம் திரும்பினான்.

"அக்காவும் உப்பிடித்தான் சொல்லிப்போட்டுப் போனவ" என்றான்.